தூக்குவது ஜாக்கி, தாங்குவது ஸ்டாண்ட்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், டிரெய்லர் உணவு வண்டி நடத்தும் குழுக்களுக்காக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேசியவர், நெடுஞ்சாலை ஓரத்தில் டயர்க் கடை நடத்திவரும் குழு உறுப்பினர்.)



காலையில் இருந்து சேமிப்பைப் பற்றிப் பேசினாங்க, கடனைப் பற்றிப் பேசினாங்க, சந்தையைப் பற்றிப் பேசினாங்க. எனக்குக் கொடுத்திருக்கும் விஷயம் டயர். விழா மேடையில் டயரைப் பற்றிப் பேச என்ன இருக்குன்னு உங்களுக்குத் தோணலாம். இருக்கு.

1989-இல் தருமபுரி மாவட்டத்தில் முதல் குழுக்கள் தொடங்கினபோது, நமக்கு முன்னால் வந்தவர்கள் கற்றுக்கொண்ட முதல் வேலை கையெழுத்துப் போடுவது. அப்புறம் வங்கிக்குள் தைரியமாக நுழைவது. அப்புறம் கணக்கு எழுதுவது. இன்றைக்கு நம் குழுக்களிடம் வண்டி இருக்கிறது. லோடு ஆட்டோவுக்கும் ஜீப்புக்கும் பின்னால் கோர்த்து இழுத்துப் போகிற டிரெய்லர் வண்டி. உள்ளே அடுப்பு, சிலிண்டர், தண்ணீர் டிரம், பாத்திரம், மேலே கூரை. வெளிநாடுகளில் இதே மாதிரி வண்டியில் கட்டில், சமையலறை எல்லாம் வைத்து வீடாகவே இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறார்கள். நாம் அதில் கடை வைத்திருக்கிறோம். வாரச் சந்தை, கல்லூரி வாசல், கோயில் திருவிழா என்று அது ஓடிக்கொண்டே இருக்கிறது. வண்டி வாங்கக் கடன் கொடுக்கிறார்கள். நடுவழியில் டயர் போனால் அந்த வண்டியை எப்படித் தூக்குவது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

"டிரைவர் தம்பி பார்த்துக்குவான், நமக்கு எதுக்கு?" என்று கேட்கலாம். டிரைவர் பார்ப்பார். ஆனால் திருவிழாக் கூட்டம் கலைவதற்குள் போய்ச் சேரணும், மாவு புளித்துவிடும், சாம்பார் ஆறிவிடும் என்று அவரை அவசரப்படுத்துவது நாம்தான். ரோட்டில் போகிற நாலு பேர் வண்டியை நிறுத்திவிட்டு, "தள்ளுங்கம்மா, நாங்க பாத்துக்கிறோம்" என்று வருவார்கள். நல்ல மனசோடுதான் வருவார்கள். ஆனால் நல்ல மனசு வண்டியைத் தாங்காது. வண்டிக்குச் சொந்தக்காரி நீங்கள். ஸ்பேனரைத் தொடாவிட்டாலும், சரியான வரிசை தெரிந்திருந்தால் "தம்பி, நிறுத்துங்க, முதல்ல கட்டை போடுங்க" என்று சொல்லும் உரிமையும் அறிவும் உங்களுக்கு வரும். அந்த ஒரு வார்த்தை ஒருத்தர் உயிரைக் காப்பாற்றும்.

தூக்குவது சுலபம், ஆபத்தே அதில்தான்

முதலில் ஜாக்கி. நம் வண்டிகளுக்குப் பெரும்பாலும் வைத்திருப்பது எண்ணெய் ஜாக்கி. செம்பு மாதிரி நின்றுகொண்டிருக்கும். பக்கத்தில் ஒரு கம்பியைச் செருகி ஏற்றி இறக்கினால் உள்ளே இருக்கிற எண்ணெய் பெரிய தண்டை மேலே தள்ளும். பள்ளிக்கூடத்துப் பிள்ளை கூட அமுக்கித் தூக்கிவிடலாம். அதனால் டயர் மாற்ற ஆம்பிளை பலம் வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க.

ஆனால் ஒரு கணக்குப் பாருங்க. சாமான் ஏற்றிய வண்டி 1,200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பத்தில் ஒரு பங்கு, அதாவது 120 கிலோ, முன்னால் கொக்கியில் உட்காரும். மிச்சம் 1,080 கிலோ இரண்டு சக்கரத்தில். ஒரு சக்கரத்துக்கு 540 கிலோ. கிட்டத்தட்ட 11 மூட்டை சிமெண்ட். அத்தனையையும் அந்த ஜாக்கிக்குள் தாங்கிக்கொண்டிருப்பது எண்ணெயும், அது கசியாமல் அடைத்திருக்கிற ரப்பர் வளையமும்தான். வளையம் தேய்ந்திருந்தால் வண்டி மெல்ல இறங்கும். சில நேரம் மெல்லவும் இறங்காது. ஜாக்கியின் அடிப்பாகமோ உள்ளங்கை அளவு. வண்டி கொஞ்சம் முன்னே பின்னே நகர்ந்தாலும் ஜாக்கி சாய்ந்துவிடும். திருகு ஜாக்கியில் எண்ணெய் கிடையாது, அதனால் கசியாது. ஆனால் அதுவும் சாயும்.

நம் குழுவில் ஒரே ஆள் கையெழுத்தில் வங்கியிலிருந்து பணம் எடுக்க விடுகிறோமா? ஊக்குநர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் பிரதிநிதியும் கையெழுத்துப் போடணும். ஊக்குநர் மேல் சந்தேகம் வந்தா அப்படி வைத்திருக்கிறோம்? ஒரு கை தவறினாலும் குழுப் பணம் போகக் கூடாது என்பதற்காகத்தானே? தூக்கின வண்டிக்கும் அதே சட்டம்தான். ஜாக்கி ஒரு கையெழுத்து. இரும்பு ஸ்டாண்ட் இரண்டாவது கையெழுத்து. சட்டத்துக்கு அடியில் படுக்க வைக்கிற டயர் மூன்றாவது கையெழுத்து. மூன்றும் விழாமல் யாரும் நட்டைக் கழற்றக் கூடாது. இந்தப் பேச்சில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீங்க.

நிற்கிற இடம்

இப்போ வரிசையாகச் சொல்கிறேன். டயர் போனது தெரிந்ததும், போன இடத்திலேயே நிறுத்தணும் என்று கட்டாயம் இல்லை. வளைவில், பாலத்தில், வண்டிகள் உரசிப் போகிற இடத்தில் நின்றுவிட்டால், நடந்து போகிற வேகத்தில் கொஞ்ச தூரம் உருட்டிக்கொண்டு சமதளமான, கெட்டியான இடத்துக்குப் போங்க. டயர் கிழியும், ரிம் கூட வளையும். போகட்டும். டயரைக் கடையில் வாங்கலாம்.

சரிவில் தூக்கவே கூடாது. மழை பெய்த கரிசல் மண்ணில் தூக்கக் கூடாது. மேலே காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே வெண்ணெய் மாதிரி இருக்கும். ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்குப் பதிலாகத் தானே மண்ணுக்குள் போகும். வெயிலில் இளகின தார் ரோட்டிலும் இதே கதைதான்.

நின்றதும் எச்சரிக்கை விளக்கைப் போடுங்க. சிவப்பு முக்கோணத்தை வண்டிக்குப் பின்னால் 50 தப்படி தள்ளி வையுங்க. பிள்ளைகள் கூட வந்திருந்தால் ரோட்டை விட்டு நன்றாகத் தள்ளி உட்கார வையுங்க. இழுக்கிற வண்டிக்கும் டிரெய்லருக்கும் நடுவில் யாரும் நிற்கக் கூடாது. அந்த இடுக்கு ஆபத்தான இடம்.

வண்டிக்குள் இருப்பவை

நம்முடையது சமையல் வண்டி. அதனால் மற்ற வண்டிக்கு இல்லாத சில வேலைகள் நமக்கு உண்டு. அடுப்பு எரிந்தால் அணைத்து, சிலிண்டர் ரெகுலேட்டரை மூடணும். சூடான எண்ணெய் இருந்தால் அது ஆறும் வரை வண்டியைத் தொடவே கூடாது. ஒரு பக்கம் தூக்கும்போது வாணலி சாயும். ஆறின எண்ணெயை மூடியுள்ள டின்னில் ஊற்றிக் கீழே இறக்குங்க.

தண்ணீர் டிரம் இன்னொன்று. 200 லிட்டர் டிரம் நிறைந்திருந்தால் அதுவே 200 கிலோ. அதுவும் அசைகிற எடை. வண்டி சாய்ந்தால் தண்ணீர் அந்தப் பக்கம் ஓடி இன்னும் சாய்க்கும். திறந்து விட்டுவிடுங்க. தண்ணீரை வேறு இடத்தில் பிடித்துக்கொள்ளலாம். விரித்த கூரை, திறந்த பலகைக் கதவு எல்லாவற்றையும் மூடித் தாழ்ப்பாள் போடுங்க. உள்ளே ஒருத்தர் கூட இருக்கக் கூடாது. "நான் ஓரமா உட்கார்ந்துக்கிறேன், கால் வலிக்குது" என்று பெரியம்மா சொன்னாலும் கீழே இறக்கி நிழலில் உட்கார வையுங்க.

கொக்கியும் கட்டையும்

இழுக்கிற வண்டியிலிருந்து டிரெய்லரைக் கழற்றக் கூடாது. கொக்கி மாட்டியே இருக்கணும். கழற்றிவிட்டால் டிரெய்லர் முன்னால் இருக்கிற சின்னக் கால் சக்கரத்தின் மேல் நிற்கும். அது உருளுகிற சக்கரம். அதோடு நம் டிரெய்லர்கள் பலவற்றில் பிரேக்கே கிடையாது. இழுக்கிற வண்டிதான் அதற்கு நங்கூரம். டிரைவரை ஹேண்ட் பிரேக் போடச் சொல்லி, இன்ஜினை அணைத்து, முதல் கியரில் விடச் சொல்லுங்க. சாவி உங்க கையில் இருக்கட்டும்.

அடுத்தது முட்டுக்கட்டை. ஊரில் நாம் ஒரு நல்ல காரியம் செய்யப் போனால் முட்டுக்கட்டை போடுபவர்களை நமக்குப் பிடிக்காது. இந்த ஒரு வேலையில் மட்டும் முட்டுக்கட்டை போடுகிறவள்தான் நல்லவள். தூக்கப் போகிற சக்கரத்துக்கு எதிர்ப்பக்கத்துச் சக்கரத்தில், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, ஆப்பு வடிவ மரக்கட்டையை நன்றாகத் தட்டி ஏற்றி வையுங்க. உருண்டைக் கல் வேண்டாம், அது சக்கரத்தோடு சேர்ந்து உருளும். வேலை முடிந்ததும் கட்டையை மறக்காமல் எடுத்துக்கொண்டு கிளம்பணும். முட்டுக் கொடுத்த கல்லை ரோட்டிலேயே விட்டுப் போய், இருட்டில் பைக்கில் வருகிறவர் அதில் மோதினால் அந்தப் பாவம் யாருக்கு?

நட்டைத் தளர்த்துவது

வண்டியைத் தூக்குவதற்கு முன்பே வீல் நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்திவிடணும். சக்கரம் தரையில் இருக்கும்போது அது சுற்றாது, வண்டியும் ஆடாது. தூக்கின பிறகு இறுகின நட்டோடு மல்லுக்கட்டினால் அந்த இழுப்பிலேயே வண்டி ஜாக்கியை விட்டு நழுவும்.

எந்தப் பக்கம் திருப்பணும் என்று குழப்பமா? சக்கரத்துக்கு நேராக நில்லுங்க. ஸ்பேனரின் பிடி உங்க இடது கைப் பக்கம் இருக்கிற மாதிரி நட்டில் மாட்டி, கீழே அமுக்கினால் கழலும். பிடியை வலப்பக்கம் வைத்துக் கீழே அமுக்கினால் இறுகும். கை பலம் பத்தாவிட்டால், வண்டியைப் பிடித்துக்கொண்டு பிடியின் நுனியில் ஒரு காலை வைத்து மெதுவாக எடையைக் கொடுங்க. ஏறிக் குதிக்காதீங்க. ஸ்பேனர் நழுவினால் முழங்கால் போய்விடும். நுனியில் கொடுக்கிற எடைக்குத்தான் பலன் அதிகம். கிணற்றில் ஏற்றம் இறைத்த ஊர்க்காரங்களுக்கு இதை நான் சொல்லித் தரணுமா?

எங்கே தூக்குவது

இதில்தான் நிறையப் பேர் தப்புச் செய்கிறார்கள். வண்டியின் நான்கு மூலையிலும் திருகி இறக்குகிற கால்கள் இருக்கும். அவை நின்ற வண்டி ஆடாமல் இருப்பதற்காக மட்டும். அவற்றைத் திருகி வண்டியைத் தூக்கவே கூடாது, மடங்கிவிடும். தரைப் பலகைக்கு அடியில் ஜாக்கி வைத்தால் பொத்துக்கொண்டு போகும். இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் அச்சின் மையத்தில் வைத்தால் அச்சு வளையும். வளைந்த அச்சு அப்புறம் மாதம் ஒரு டயரைத் தின்னும்.

சரியான இடம், சக்கரத்துக்குப் பக்கத்தில் நீளவாக்கில் ஓடும் கனமான இரும்புச் சட்டம். ஸ்பிரிங் பட்டை வைத்த வண்டியாக இருந்தால், பட்டை அச்சோடு போல்ட் போட்டுச் சேர்கிற இடத்தின் அடியிலும் வைக்கலாம். வண்டி செய்து கொடுத்தவரிடமே "இந்த வண்டிக்கு ஜாக்கி எங்கே வைக்கணும்?" என்று கேட்டு, அந்த இடத்தில் மஞ்சள் பெயிண்ட்டால் ஒரு பொட்டு வைத்துவிடுங்க. இருட்டிலும் டார்ச் அடித்தால் தெரியும்.

ஜாக்கிக்கு அடியில் ஒரு அடி அகலமும் 2 அங்குல கனமும் உள்ள நல்ல மரப்பலகை வையுங்க. எடை பரவும், மண்ணில் புதையாது. செங்கல் வைக்காதீங்க. ஹாலோபிளாக் வைக்கவே வைக்காதீங்க. அவை வீடு கட்டும்போது சுவர் முழுக்கப் பரவின எடையைத் தாங்கும். ஜாக்கி ஒரே புள்ளியில் அமுக்கினால் சொல்லாமல் கொள்ளாமல் பிளந்துபோகும். மரம் அப்படி இல்லை. முதலில் முனகும், நசுங்கும், நமக்கு விலக நேரம் கொடுக்கும். எங்கள் கடைக்கு வந்த ஒருத்தருக்கு வலது கையில் இரண்டு விரல் கிடையாது. என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, "ஒரு செங்கல், ஒரு நொடி" என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

தூக்குவது, தாங்க வைப்பது

சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகுங்க. துப்பட்டாவைக் கழற்றி வையுங்க. கண்ணாடி வளையலையும் கழற்றுங்க. ரப்பர் செருப்பு வேண்டாம், காலை மூடுகிற ஷூ நல்லது. ஜாக்கி நேராக நிற்கிறதா என்று இரண்டு பக்கத்திலிருந்தும் பாருங்க. அப்புறம் மெதுவாக ஏற்றுங்க. கூட ஒருத்தர் எட்ட நின்று வண்டியையும் எதிர்ப்பக்கத்துச் சக்கரத்தையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கணும். அவங்க "நிறுத்து" என்றால் காரணம் கேட்காமல் நிறுத்தணும்.

டயர் தரையை விட்டதும் இன்னும் இரண்டு விரல் உயரம் தூக்கினால் போதும். காற்று நிறைந்த ஸ்டெப்னி, காற்றுப் போன டயரை விட உயரமாக இருக்கும், அதற்காகத்தான் அந்த இரண்டு விரல். தேவைக்கு மேல் உயர்த்துகிற ஒவ்வொரு அங்குலமும் வண்டியை இன்னும் ஆட வைக்கும்.

உடனே சட்டத்துக்கு அடியில், பலகை மேல், இரும்பு ஸ்டாண்டை நிறுத்துங்க. ஊசியைச் சரியாகச் செருகணும். ஜாக்கியைக் கொஞ்சம் இறக்கி, எடை ஸ்டாண்ட் மேல் உட்காரும்படி செய்யுங்க. ஜாக்கியும் லேசாகத் தொட்டுக்கொண்டே இருக்கட்டும். பிறகு ஸ்டெப்னியைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் சட்டத்துக்கு அடியில் படுக்க வையுங்க. இப்போது மூன்று கையெழுத்தும் ஆச்சு. எட்ட நின்று வண்டியின் பக்கச் சுவரைக் கையால் லேசாகத் தள்ளிப் பாருங்க. ஆடினால் இறக்கிவிட்டு முதலில் இருந்து ஆரம்பிக்கணும். பத்து நிமிடம் போகும். போகட்டும்.

இத்தனை செய்த பிறகும் வண்டிக்கு அடியில் தலையோ உடம்போ போகக் கூடாது. டயர் மாற்ற அடியில் போக வேண்டிய அவசியமே இல்லை. எல்லா வேலையும் வெளியில் உட்கார்ந்து செய்வதுதான். நட் உருண்டு உள்ளே போனால் குச்சியால் இழுங்க.

டயரை மாற்றுவது

நட்டுகளைக் கழற்றி ஒரு கிண்ணத்தில் போடுங்க. நம் வண்டியில் கிண்ணத்துக்கா பஞ்சம்? டயரை இரண்டு பக்கமும் பிடித்து இழுங்க. அடியில் கை கொடுத்துத் தூக்காதீங்க. கழற்றின டயரைச் சட்டத்துக்கு அடியில் தள்ளிவிட்டு, அப்புறம் ஸ்டெப்னியை வெளியே எடுங்க. அடியில் எப்போதும் ஒரு டயர் கிடக்கணும்.

ஸ்டெப்னியை மாட்ட முழுசாகத் தூக்க வேண்டாம். அதற்கு அடியில் ஸ்பேனரையோ கட்டையையோ கொடுத்து நெம்பினால் தானாக மேலே வரும். ஓட்டைகள் போல்ட்டில் சேர்ந்ததும் தள்ளிவிடுங்க. நட்டின் கூம்பான பக்கம் ரிம்மைப் பார்த்து இருக்கணும். முதலில் கையாலேயே எல்லா நட்டையும் திருகுங்க. கோணலாக ஏறினால் கையிலேயே தெரிந்துவிடும்.

இறுக்கும்போது பக்கத்துப் பக்கத்து நட்டாகப் போகக் கூடாது. ரிம் ஒரு பக்கம் ஒட்டி மறுபக்கம் தூக்கிக்கொள்ளும். ஐந்து நட் என்றால் நட்சத்திரக் கோலம் போடுகிற மாதிரி ஒன்று விட்டு ஒன்று போங்க. நான்கு நட் என்றால் எதிரும் புதிருமாக. வாசலில் கையெடுக்காமல் நட்சத்திரம் போடத் தெரிந்த நமக்கு இது புதுசு இல்லை.

அடியில் கிடக்கும் டயரையும் ஸ்டாண்டையும் எடுத்துவிட்டு, ஜாக்கியின் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து மெதுவாக இறக்குங்க. டக்கென்று திறந்தால் 540 கிலோவும் ஒரே அடியாக இறங்கும். சக்கரம் தரையில் உட்கார்ந்த பிறகு அதே நட்சத்திர வரிசையில் கடைசி இறுக்கு. ஸ்பேனரில் நீளமான பைப்பைச் செருகி இழுக்காதீங்க. போல்ட் உள்ளுக்குள் நீண்டு, ஒரு நாள் ஓட்டத்தில் அறுந்துபோகும்.

முதல் 20 கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி நட்டைச் சரிபாருங்க. 50-லிருந்து 80 கிலோமீட்டருக்குள் இன்னொரு முறை. புதிதாக மாட்டின சக்கரத்தில் நட் கொஞ்சம் இடம் கொடுக்கும். இந்தப் பார்வையைத் தள்ளிப்போட்டவர்களின் சக்கரம்தான் ஓட்டத்தில் கழன்று தனியாக ஓடுகிறது.

இரண்டு அச்சு, நான்கு சக்கரம் உள்ள பெரிய வண்டிக்கும் ஜாக்கி முறை இதேதான். அதோடு இன்னொரு வழியும் உண்டு. அதே பக்கத்து நல்ல சக்கரத்துக்கு முன்னால் சரிவாகப் பலகை அடுக்கி, வண்டியை மெல்ல அதன் மேல் ஏற்றினால் காற்றுப் போன சக்கரம் தளரும், சில வண்டியில் தரையை விட்டே எழும்பும். அப்போதும் கட்டையும் ஸ்டாண்டும் கட்டாயம்.

"முடியாது" என்று சொல்ல வேண்டிய நேரம்

எல்லா இடத்திலும் நாமே செய்துவிடணும் என்று நான் சொல்ல வரவில்லை. போன டயர் வண்டி ஓடுகிற பக்கம் இருந்து, ஒதுங்க இடமில்லை என்றால் செய்யாதீங்க. ஸ்டாண்ட் இல்லை என்றால் செய்யாதீங்க. ஜாக்கியில் எண்ணெய் கசிந்தால் செய்யாதீங்க. காற்றுப் போன நிலையிலேயே வெகுதூரம் ஓடின டயருக்குக் காற்றடித்துச் சமாளிக்கப் பார்க்காதீங்க, உள்ளே நைந்திருக்கும், வெடிக்கும். லாரி ரிம் மாதிரி இரும்பு வளையம் போட்டுப் பூட்டின ரிம்மாக இருந்தால், அதைக் கழற்றிக் காற்றுப் பிடிப்பது கடைக்காரர் கூண்டுக்குள் வைத்துச் செய்ய வேண்டிய வேலை.

தேசிய நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் 1033 எண்ணுக்குக் கூப்பிடுங்க. இரவில் தனியாக மாட்டிக்கொண்டு பயமாக இருந்தால் 181, பெண்களுக்கான உதவி எண். அடிபட்டால் 108. இந்த மூன்று எண்ணையும் வண்டிக் கதவின் உள்பக்கம் பெரிதாக எழுதி வையுங்க. செல்போனில் சார்ஜ் இருக்கும்போதே கூப்பிடுங்க. உதவி கேட்பதில் என்ன கௌரவக் குறைச்சல்? ஒரு நாள் வியாபாரம் போனால் அடுத்த சந்தையில் பிடித்துக்கொள்ளலாம்.

டயர் போகாமல் பார்ப்பது

டிரெய்லரில் டயர் போனது ஓட்டுகிறவருக்குச் சட்டென்று தெரியாது. அவர் உட்கார்ந்திருப்பது முன் வண்டியில். அதனால் கண்ணாடியில் அடிக்கடி பார்க்கணும். டீ குடிக்க நிறுத்தும் இடத்தில் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடக்கணும். சக்கரத்தின் நடுக்குடத்துக்குப் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்க. ஒன்று மட்டும் அனலாக அடித்தால் பேரிங் போகப் போகிறது என்று அர்த்தம்.

நம் வண்டிகள் ஓடுவதை விட நிற்பது அதிகம். எடையோடு வெயிலில் நின்று நின்றே டயர் வீணாகும். மேலே பட்டன் புதுசாகத் தெரியும், பக்கச் சுவரில் மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு ஓடியிருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்தது. பழைய டயர் வாங்கும்போது கடைக்காரர் சொல்கிற வயதை நம்ப வேண்டாம், அந்த எண்ணைப் படியுங்க. எங்கள் கடைக்கு வந்தாலும் படித்துவிட்டுத்தான் வாங்கணும்.

ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்றும் பாருங்க. இன்னொன்று, இழுக்கிற வண்டியின் ஸ்பேனர் டிரெய்லர் நட்டுக்குப் பொருந்தாமல் போகலாம். வீட்டு வாசலிலேயே மாட்டிப் பார்த்துவிடுங்க. நடு ரோட்டில் அதைக் கண்டுபிடிக்கக் கூடாது.

என் கோரிக்கை

கூட்டமைப்புக்கு மூன்று கோரிக்கை வைக்கிறேன். தீர்மானப் புத்தகத்தில் ஏற்றினால் சந்தோஷம்.

ஒன்று, ஒவ்வொரு டிரெய்லர் வண்டிக்கும் ஒரு சாக்குப்பை. அதில் எடைக்குத் தகுந்த ஜாக்கி, ஸ்டாண்ட் இரண்டு, பொருந்துகிற ஸ்பேனர், முட்டுக்கட்டை இரண்டு, பலகை இரண்டு, சிவப்பு முக்கோணம், டார்ச், கையுறை. வண்டிக் கடன் கேட்கும்போதே இந்தப் பைக்கும் சேர்த்து மதிப்பீடு போடணும். பாத்திரம் வாங்க எழுதுகிறோம், பெயர்ப் பலகைக்கு எழுதுகிறோம், உயிர் காக்கிற பைக்கு ஏன் எழுதக் கூடாது?

இரண்டு, மாதக் கூட்டத்தில் சேமிப்பு வசூல் முடிந்ததும் ஐந்து நிமிடம் டயருக்கு. காற்று, வெடிப்பு, நட், ஸ்டெப்னி. பார்த்தவர் பெயரையும் தேதியையும் பதிவேட்டில் எழுதணும்.

மூன்று, பள்ளிக்கூட மைதானத்தில் பட்டப்பகலில் ஒரு நாள் பயிற்சி. காலி வண்டியை நிறுத்தி, ஒவ்வொருத்தரும் ஒருமுறை தூக்கி இறக்கணும். காதால் கேட்டது இருட்டில் மறந்துபோகும், கை செய்தது மறக்காது. அந்தப் பயிற்சிக்கு எங்கள் கடைச் சாமான்களோடு நானே வருகிறேன். கூலி வேண்டாம், டீ வாங்கிக் கொடுத்தால் போதும்.

சகோதரிகளே, இந்த வண்டிகள் நாம் ரூபாய் ரூபாயாகச் சேர்த்து, கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து பேசி வாங்கினவை. அவை ஓடி நம் பிள்ளைகளைப் படிக்க வைக்கணும். ஒரு டயருக்காக ஒரு வீட்டில் விளக்கு அணையக் கூடாது. அடுத்த முறை ரோட்டில் வண்டி நின்றால், யார் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் மூன்று கையெழுத்தையும் கேளுங்க. ஜாக்கி, ஸ்டாண்ட், அடியில் டயர். மூன்றும் விழுந்த பிறகு நட்டில் கை வையுங்க.